கசிவுகளின் கணக்கு

பழைய அமெரிக்கப் படங்களில் அந்தக் காட்சி வரும். மதுக்கூடத்தின் மூலையில் ஒரு பியானோ. முன்னால் யாரும் இல்லை. கட்டைகள் தாமாகவே இறங்குகின்றன, ஏறுகின்றன, பாட்டு கேட்கிறது. இன்று பார்க்கும் நமக்கு இதில் வியப்பில்லை. உள்ளே மோட்டாரும் கணினியும் இருக்கும் என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பியானோக்களில் பெரும்பாலானவை மின்சாரம் எட்டாத வீடுகளிலும் வாசித்தவை. கீழே இரண்டு மிதிகள் இருக்கும். வீட்டில் யாராவது உட்கார்ந்து அவற்றை மாறி மாறி மிதித்தால் போதும். இசை தெரியாதவர் மிதித்தாலும் தேர்ந்த கலைஞரின் வாசிப்பு கேட்கும். கட்டைகளை அழுத்தியது யார்?

இன்னொரு புதிரும் உண்டு. நூறு வயதைக் கடந்த இந்தப் பியானோக்களில் பல இன்று ஊமையாக நிற்கின்றன. திறந்து பார்த்தால் தேய்ந்த பல்சக்கரமோ அறுந்த சங்கிலியோ கண்ணில் படுவதில்லை. எல்லாம் அப்படியே இருப்பதாகத் தோன்றுகிறது. பிறகு ஏன் நின்றது? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது.

தள்ளுவது யார்?

இளநீரில் குழாயை வைத்து உறிஞ்சுகிறோம். நாம் இளநீரை இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் நாம் செய்வது, குழாய்க்குள் இருந்த காற்றைக் கொஞ்சம் வெளியே எடுப்பது மட்டுமே. இளநீரை மேலே தள்ளுவது வெளியே இருக்கும் காற்று. நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையால் அழுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை. ஒரு பக்கம் காற்றைக் குறைத்துவிட்டால் மறுபக்கத்து அழுத்தம் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

தானே வாசிக்கும் பியானோவின் அடிப்படை இதுதான். மிதிகள் துருத்திகளை இயக்குகின்றன. கொல்லன் துருத்தி காற்றை ஊதும். இந்தத் துருத்திகளோ பியானோவின் உள்ளறைகளிலிருந்து காற்றை வெளியே எடுக்கின்றன. உள்ளே அழுத்தம் குறைகிறது. இதைக் 'குறையழுத்தம்' என்று அழைப்போம். அளப்பதற்கு எளிய வழி உண்டு: குழாயில் நீரை எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறது என்று பார்ப்பது. ஒரு சென்டிமீட்டர் நீர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு கிராம் விசை. பியானோ மெல்ல வாசிக்கும்போது குறையழுத்தம் 12 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். ஓங்கி வாசிக்கும்போது பல மடங்கு உயரும்.

தாளில் ஒரு துளை

எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு நேரம் என்பதைச் சொல்வது ஒரு காகிதச் சுருள். ஒவ்வொரு சுரத்துக்கும் காகிதத்தில் ஒரு வரிசை உண்டு. சுரம் ஒலிக்க வேண்டிய இடத்தில் துளை. நீண்டு ஒலிக்க வேண்டுமானால் நீண்ட துளை. சுருள் ஒரு பித்தளைப் பட்டையின் மேல் நகர்கிறது. அந்தப் 'படிக்கும் பட்டை'யில் 88 சிறு வாய்கள் உள்ளன. காகிதத்தின் துளை ஒரு வாய்க்கு நேராக வந்ததும் அதன் வழியே காற்று உள்ளே நுழைகிறது. செய்தி என்பது அவ்வளவுதான்: இங்கே காற்று நுழைந்தது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எட்வின் வோட்டி 1895-ல் இப்படிப்பட்ட கருவியை உருவாக்கினார். அது தனி அலமாரியாக இருந்தது. பியானோவின் முன்னே தள்ளிவைத்தால் கம்பளம் ஒட்டிய மரவிரல்களால் கட்டைகளை அழுத்தும். ஏயோலியன் நிறுவனம் அதற்கு வைத்த பியானோலா என்ற பெயரே பிறகு இந்த வகைக் கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயராக வழங்கியது. சில ஆண்டுகளில் இந்த அமைப்பு பியானோவுக்குள்ளேயே குடியேறியது. தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு சுருள் அளவு வைத்திருந்தது. 1908-ல் பஃபலோ நகரில் கூடிய தயாரிப்பாளர்கள் ஒரு பொது அளவுக்கு ஒப்புக்கொண்டார்கள்: அகலம் பதினொன்றே கால் அங்குலம், அங்குலத்துக்கு ஒன்பது துளைகள். 1923-ல் அமெரிக்காவில் செய்யப்பட்ட பியானோக்களில் பாதிக்கும் மேல் தானே வாசிப்பவை. வானொலியும் மின்முறை இசைத்தட்டும் வந்த பிறகு, 1929-ன் பொருளாதார வீழ்ச்சியோடு அந்தத் தொழில் சரிந்தது.

ஒரே ஒரு சுரத்தின் பயணம்

எண்பத்தெட்டையும் விட்டுவிட்டு ஒரே ஒரு சுரத்தைப் பின்தொடர்வோம்.

காகிதத் துளை படிக்கும் பட்டையின் வாய்க்கு மேலே வருகிறது. வெளிக்காற்று மெல்லிய குழாய் வழியே உள்ளே ஓடுகிறது. குழாயின் மறுமுனையில் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய, மிக மெல்லிய தோல் வட்டம் தளர்வாக ஒட்டப்பட்டிருக்கிறது. இதைத் 'தோல்சவ்வு' எனலாம். சவ்வுக்கு மேலே குறையழுத்தம். கீழே இப்போது வெளிக்காற்று. ஆகவே சவ்வு மேலே உப்புகிறது. உப்பும்போது தலைக்கு மேலிருக்கும் சிறு வால்வைத் தூக்குகிறது. வால்வு எழும்பும் உயரம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான்.

அந்த ஒரு மில்லிமீட்டர் எல்லாவற்றையும் மாற்றுகிறது. இந்தச் சுரத்துக்கென்று ஒரு குட்டித் துருத்தி இருக்கிறது: இரண்டு மெல்லிய மரத்தகடுகள், ஒரு முனையில் கீல், சுற்றிலும் ரப்பர் பூசிய துணி. வால்வு எழும்பும்வரை அதற்குள் வெளிக்காற்று நிறைந்திருந்தது. இப்போது அந்த வழி அடைபட்டு, குறையழுத்த அறைக்கு வழி திறக்கிறது. உள்ளிருந்த காற்று வெளியேற, வெளிக்காற்று துருத்தியை அமுக்கி மூடுகிறது. மூடும் தகடு ஒரு கோலை நகர்த்துகிறது; கோல் பியானோவின் நெம்புகோல் அமைப்பை நகர்த்துகிறது; சுத்தியல் தந்தியை அடிக்கிறது.

இதற்கு விசை போதுமா? கணக்குப் போடலாம். தகடு 11 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 33 சதுர சென்டிமீட்டர். நடுத்தரமாக மிதித்தால் 50 சென்டிமீட்டர் நீரளவுக் குறையழுத்தம் கிடைக்கிறது. ஆக, மொத்த விசை 33 முறை 50, அதாவது 1,650 கிராம். ஒரு முனை கீலில் மாட்டியிருப்பதால் மறுமுனையில் ஏறத்தாழ பாதி கிடைக்கும்: 800 கிராமுக்குச் சற்று மேல். விரலால் ஒரு பியானோக் கட்டையை மெல்ல இறக்க 50 கிராம் அளவே போதும். எனவே தாராளமாக விசை இருக்கிறது. குறையழுத்தம் 12 சென்டிமீட்டராக இறங்கினால் அதே துருத்தி சுமார் 200 கிராம்தான் தரும். அப்போது சுத்தியல் மெல்லத் தட்டும். மிதிப்பவரின் கால்தான் ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கிறது.

நேரத்தையும் பார்க்க வேண்டும். வழக்கமான வேகத்தில் காகிதம் நிமிடத்துக்கு 7 அடி, அதாவது நொடிக்கு மூன்றரை சென்டிமீட்டர் நகர்கிறது. இரண்டு மில்லிமீட்டர் துளை ஒரு வாயைக் கடக்க ஒரு நொடியில் பதினேழில் ஒரு பங்குதான் ஆகும். அதற்குள் சவ்வு உப்ப வேண்டும், வால்வு எழ வேண்டும், துருத்தி மூட வேண்டும்.

வேண்டுமென்றே வைத்த கசிவு

துளை நகர்ந்துவிட்டது, காகிதம் வாயை மூடிவிட்டது. சுரம் நிற்க வேண்டும். ஆனால் குழாய்க்குள் புகுந்த காற்று எங்கே போகும்? அது உள்ளேயே இருந்தால் சவ்வு உப்பியபடியே நிற்கும், சுரம் ஓயாது.

இதற்காக ஒவ்வொரு குழாயிலும் ஒரு நுண்துளை வைத்தார்கள். குழாயையும் குறையழுத்த அறையையும் இணைக்கும், ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய துளை. இதைக் 'கசிதுளை' என்போம். காகிதம் வாயை மூடியதும், குழாயில் எஞ்சிய காற்று கசிதுளை வழியே உறிஞ்சப்படுகிறது. சவ்வின் இருபுறமும் அழுத்தம் சமமாகிறது. வால்வு தன் எடையிலேயே கீழே உட்காருகிறது. துருத்திக்குள் வெளிக்காற்று திரும்புகிறது. அடுத்த துளைக்கு எல்லாம் தயார்.

கசிதுளையின் அளவில்தான் நுட்பம் இருக்கிறது. பெரிதாக இருந்தால், வாய் வழியே நுழையும் காற்று உடனுக்குடன் உறிஞ்சப்பட்டுவிடும். சவ்வு உப்பாது, சுரம் பிறக்காது. தூசி அடைத்துச் சிறுத்துவிட்டால் சவ்வு மெதுவாக இறங்கும். ஒரே சுரம் விரைந்து மீண்டும் மீண்டும் வர வேண்டிய இடத்தில் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முற்றிலும் அடைத்தால் கட்டை தொடர்ந்து அழுந்தியபடியே இருக்கும். குழாயில் விரிசல் விழுந்தாலும் இதே அறிகுறி: காகிதத்தில் துளை இல்லாதபோதும் காற்று நுழைகிறது, கட்டை தானே இறங்கி நிற்கிறது.

இப்போது நம் இரண்டாவது புதிருக்கு விடை கிடைக்கிறது. இந்தக் கருவி தேய்ந்து சாவதில்லை, கசிந்து சாகிறது. ரப்பர் பூசிய துணி ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகி, மடிப்புகளில் வெடிக்கிறது. தோல் உலர்ந்து நுண்துளைகள் விடுகிறது. பழைய ஈயக் குழாய்கள் மரத்திலிருந்து கசியும் அமில ஆவியால் அரிக்கப்பட்டு வெண்பொடியாகின்றன. ஒவ்வொரு வால்வும் சரியாக அடைக்காமல் 0.8 மில்லிமீட்டர் அகல ஓட்டை ஒன்றின் அளவுக்குக் கசிந்தால் என்ன ஆகும்? ஒன்றின் பரப்பு அரை சதுர மில்லிமீட்டர். 88 வால்வுகளுக்குச் சேர்த்து 44 சதுர மில்லிமீட்டர். ஏழரை மில்லிமீட்டர் அகல ஓட்டை ஒன்று எப்போதும் திறந்திருப்பதற்கு அது சமம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. எவ்வளவு மிதித்தாலும் குறையழுத்தம் மட்டும் ஏறாது.

பதினேழு டன் இழுவிசை

காற்று ஒருபக்கம் இருக்கட்டும். இதே பெட்டிக்குள் அதைவிடப் பல மடங்கு பெரிய விசை ஒன்று இரவும் பகலும் வேலை செய்கிறது. பியானோவில் சுமார் 230 தந்திகள். ஒவ்வொன்றும் சராசரியாக 75 கிலோ இழுவிசையில் முறுக்கப்பட்டிருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 17 டன்னுக்கு மேல்.

இதைத் தாங்குவது மூன்று பாகங்கள். முதலாவது வார்ப்பிரும்புச் சட்டம். ஒரே வார்ப்பாகச் செய்த சட்டத்துக்கு 1825-ல் பாஸ்டன் நகரின் ஆல்ஃபியஸ் பாப்காக் காப்புரிமை பெற்றார். இரண்டாவது 'முறுக்காணிப் பலகை': வீணையில் பிருடை செய்யும் வேலையை இங்கே இரும்பு முறுக்காணிகள் செய்கின்றன. அவை அடுக்கடுக்காக ஒட்டிய மேப்பிள் மரப் பலகையில் இறங்கி, உராய்வால் மட்டுமே பிடித்து நிற்கின்றன. மூன்றாவது, பின்னால் நிற்கும் தடித்த மரத்தூண்கள்.

நிமிர்ந்து நிற்கும் பியானோவில் தந்திகள் முன்புறம், தூண்கள் பின்புறம். எனவே தந்திகள் கீழ்நோக்கி இழுக்கும்போது முறுக்காணிப் பலகையை முன்னால் சாய்க்கவும் பார்க்கின்றன. பலகையையும் தூண்களையும் சேர்த்து வைத்திருப்பது பசை. ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் அறையில் மரம் பருத்துச் சுருங்க, பல பத்தாண்டுகளில் பசை விடுகிறது. பியானோவை மேலிருந்து பார்த்தால் பலகைக்கும் தூண்களுக்கும் நடுவே ஒரு காசு நுழையும் இடைவெளி தெரியும். பழைய பியானோக்களில் அடிக்கடி காணும் கட்டமைப்புச் சேதம் இதுதான். சுருதி சேர்த்தாலும் நிற்காது. இழுவிசை இடைவெளியைத் திறப்பதில் செலவாகிக்கொண்டே இருக்கும். இதுவும் ஒரு கசிவு. காற்றுக்குப் பதிலாக இங்கே கசிவது இழுவிசை.

முதலில் எலும்பு, பிறகு மூச்சு

பழுது பார்ப்பவர் எதிலிருந்து தொடங்க வேண்டும்? காற்றமைப்பைப் புதுப்பித்தால் உடனே பாட்டு கேட்கலாம் என்ற ஆசை இயல்பு. ஆனால் 88 துருத்திகளைத் தாங்கும் அடுக்கு பெட்டியின் பக்கங்களையும் அடித்தளத்தையும் நம்பி நிற்கிறது. கட்டைகளுக்கிடையே சுமார் 14 மில்லிமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு துருத்தியின் அகலமோ 3 சென்டிமீட்டர். எனவே அவற்றை மூன்று தளங்களாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றின் அசைவும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டியது. அடித்தளம் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் தொய்ந்திருந்தால், நடுச் சுரங்கள் தம் அசைவில் ஐந்தில் ஒரு பங்கை வெறும் இடைவெளியை நிரப்புவதிலேயே இழந்துவிடும். ஆகவே கட்டமைப்பு நேரான பிறகே காற்றைத் தொட வேண்டும்.

விலகிய பலகையைச் சேர்க்கும் முறை இது. முதலில் காற்றமைப்பு முழுவதையும் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்கும் எண் கட்டி வைக்க வேண்டும். பிறகு தந்திகளைத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாகத் தளர்த்திவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுப்பையும் முறுக்கலையும் தாங்காமல் சட்டென்று விரிசல் விடும். எனவே எல்லாத் தந்திகளையும் கொஞ்சம், பிறகு எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாக இறக்குவார்கள். இடைவெளியில் உதிர்ந்த பழைய பசையையும் தூசியையும் சுரண்டி எடுத்துவிட்டு, மெதுவாக இறுகும் எப்பாக்ஸி பசையை ஊற்றி, இறுக்கிகளால் பலகையைத் தூண்களோடு சேர்த்து அழுத்துவார்கள். கூடவே, பலகையையும் தூண்களையும் ஊடுருவும் நீண்ட போல்ட்டுகளைப் போடுவார்கள். பசை முழுதாக இறுகிய பிறகே தந்திகளை, மறுபடியும் படிப்படியாக, முறுக்க வேண்டும். துளைகள் தளர்ந்திருந்தால் ஓர் அளவு தடித்த முறுக்காணிகளைப் போடுவார்கள்.

ஒலிப்பலகையில் விழுந்த வெடிப்பைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். அது ஸ்ப்ரூஸ் மரத்தாலான மெல்லிய பலகை. தந்தியின் அதிர்வை அறைக்குள் பரப்புவது அதுவே. ஈரக்காலத்தில் விரிய முயன்று, பின்னால் ஒட்டிய விலாக்கட்டைகள் விடாததால் தன்னையே நசுக்கிக்கொள்கிறது; வறட்சியில் சுருங்கும்போது அந்த நசுங்கல் வெடிப்பாகத் திறக்கிறது. விலாக்கட்டைகள் உறுதியாக ஒட்டியிருந்தால் வெடிப்பால் பெரிய கேடில்லை. அவை விட்டிருந்தால் இரைச்சல் கேட்கும். மீண்டும் ஒட்டி, வெடிப்பில் அதே மரத்தின் மெல்லிய ஆப்பைச் செருகுவார்கள்.

திறப்பதற்கென்றே ஒட்டியவை

காற்றமைப்பைச் செய்தவர்கள் அதைப் பெரும்பாலும் வச்சிரத்தால் ஒட்டினார்கள். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசை நம் தச்சர்களும் அறிந்ததே. உறுதியாகப் பிடிக்கும், ஆனால் வெப்பமும் ஈரமும் பட்டால் இளகிவிடும். துணியும் தோலும் என்றைக்காவது மாற்றப்பட வேண்டியவை என்பதால் இந்தக் குணம் பெரிய வசதி. நூறு ஆண்டுக்குப் பிறகும் மரம் சிதையாமல் துருத்தியைப் பிரிக்க முடிகிறது. இடையில் யாராவது இளகாத நவீனப் பசையால் ஒட்டியிருந்தால், அதே துருத்தியை மரத்தைக் கிழித்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் முறுக்காணிப் பலகைக்கு மட்டும் எப்பாக்ஸி ஏன்? அங்கே பதினேழு டன் விசை. அந்த ஒட்டு விடவே கூடாது. துருத்தியில் சில நூறு கிராம்; அந்த ஒட்டு ஒருநாள் விட்டாக வேண்டும். பாகத்தின் ஆயுளைப் பார்த்துப் பசையைத் தேர்வதே முறை.

துருத்திகளில் பத்து மட்டும் கிழிந்திருந்தாலும் எண்பத்தெட்டுக்கும் புதுத்துணி போடுவார்கள். ஒரே நாளில் ஒட்டிய துணி, ஒரே அறையில் ஒரே வயதை அடைந்திருக்கிறது. இன்று பத்து வெடித்தால் மற்றவை வெகுதூரத்தில் இல்லை. தோல்சவ்வுகளைச் சோதித்துத் தேவையானால் மாற்றுவார்கள். கசிதுளைகளைப் பெரிதாக்காமல் தூசியை மட்டும் எடுப்பார்கள். ஈயக் குழாயின் வெண்பொடி நச்சு. கையுறை அணிந்து ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஊதவே கூடாது. கழற்றிய துணியிலும் தோலிலும் ஒவ்வொரு மாதிரியை எடுத்துவைப்பது நல்ல வழக்கம். செய்தவர்கள் தேர்ந்த தடிமனுக்கு அதைவிட நம்பகமான சாட்சி கிடைக்காது.

பிறகு சோதனை. படிக்கும் பட்டையின் எல்லா வாய்களையும் ஒட்டுநாடாவால் மூடி, மிதித்து, நிறுத்திவிட்டு, மிதிக்கும்போது சுருங்கிக் குறையழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் 'சேமிப்புத் துருத்தி' மீண்டும் விரிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கிறார்கள். கசிதுளைகள் இந்தக் கணக்கில் சேரா. வாய்கள் மூடியிருக்கும்போது அவற்றின் இருபுறமும் ஒரே அழுத்தம், ஆகவே காற்று ஓடாது. சுரம் ஒலிக்கும்போது மட்டும் செலவாகும் கசிவு அது. சோதனையில் தெரிவது வேண்டாத கசிவு மட்டுமே. வடிவமைத்தவர்களின் கூர்மை இங்கே விளங்கும்.

மெல்லிய சுரமே தேர்வு

இவ்வளவு உழைப்பு எதற்கு? ஜெர்மனியின் வெல்ட்டே நிறுவனம் 1904-ல் இதன் அடுத்த படியை அறிமுகம் செய்தது: சுரங்களோடு வாசித்தவரின் அழுத்தத்தையும் வேகத்தையும் சேர்த்துச் சுருளில் பதியும் வெல்ட்டே மின்யோன். 1905-ல் குஸ்தாவ் மாலரும் 1906-ல் எட்வர்ட் க்ரீகும் அதற்காக வாசித்தார்கள். மாலரின் பியானோ வாசிப்புக்கு எஞ்சியிருக்கும் பதிவு அந்தச் சுருள்கள் மட்டுமே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சுருள்களைப் படமெடுத்துச் சேமிக்கிறார்கள். துளைகளின் படம் அழியாமல் இருக்கும். அந்தத் துளைகள் எப்படி ஒலித்தன என்பதைச் சொல்ல, சரியாக மூச்சுவிடும் கருவி ஒன்று வேண்டும்.

சரியாக மூச்சுவிடுகிறது என்று எப்படி முடிவு செய்வது? பலரும் விறுவிறுப்பான நடனப் பாட்டை ஓடவிட்டு மகிழ்வார்கள். அது நல்ல சோதனையாகாது. பலமாக மிதித்தால், கசியும் கருவியும் உரக்க வாசித்துவிடும். கூடுதல் உழைப்பு ஓட்டைகளை மறைத்துவிடும். குறையழுத்தத்தை 12 சென்டிமீட்டருக்கு இறக்கி, மெதுவான பாட்டு ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது துருத்திக்குக் கிடைப்பது சுமார் 200 கிராம்தான். ஒரு சவ்வு காற்றைக் கடத்தினால் அந்தச் சுரம் விடுபடும். அடித்தளம் இன்னும் தொய்ந்திருந்தால் நடுச் சுரங்கள் பின்தங்கும். முறுக்காணிப் பலகை நகர்ந்துகொண்டிருந்தால் மெல்லிய ஒலியில் சுருதிப் பிசகு அப்பட்டமாகக் கேட்கும். எண்பத்தெட்டுச் சுரங்களும் ஒரே மென்மையில், ஒன்றுகூட விடுபடாமல் ஒலித்தால் மட்டுமே மரவேலையும் காற்றுவேலையும் சேர்ந்து முடிந்தன என்று சொல்லலாம்.